வேதாகம வாசிப்புக்கு ஒரு நேரசூசி



பாடசாலையில் பணிபுரிவோருக்கு நேரசூசி என்பது அன்றாடம் புழங்கும் சொல். எந்தப் பாடம், எந்த நாளில், எத்தனையாவது பாடவேளையில் என்று கட்டம் கட்டமாக எழுதி அதிபரின் அறையில் தொங்கவிடப்பட்டிருக்கும் அட்டையை நீங்களும் உங்கள் பள்ளிப் பருவத்திற் பார்த்திருப்பீர்கள். இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்டது வேறொரு நேரசூசி. கிறிஸ்தவர்களின் திருநூலாகிய வேதாகமத்தை நாளுக்கு இவ்வளவு எனப் பகுத்து, முதலிலிருந்து முடிவு வரை வாசிப்பதற்கான நேரசூசி அது.

இந்துக் கல்லூரி ஒன்றிலே தமிழ் கற்பிக்கும் சைவன் ஒருவனுக்கு இதில் என்ன அலுவல் என்று நேயர்கள் சிலர் வினவக்கூடும். காரணத்தைச் சொல்லிவிட்டே விடயத்துக்கு வருகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் உயர்தர வகுப்பிலே வீரமாமுனிவரின் தேம்பாவணி பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட அக்காவியத்திலே பழைய ஏற்பாட்டு வரலாறுகள் பல கிளைக்கதைகளாக வருகின்றன. அவற்றுள் ஒன்றைச் சொல்லிக்கொண்டு போனபோது மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், இந்தக் கதை வேதாகமத்தில எந்த இடத்தில வருகுது?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. உரைகாரர் சொன்னதை நான் சொன்னேனேயன்றி மூலத்தை ஒருபோதும் திறந்து பார்த்தவனல்லன். "நாளைக்குச் சொல்லுறன்" என்று சமாளித்தேன்.

அன்று மாலை வெட்கம் என்னை விடவில்லை. சைவத்தின் காவலர் என நாம் போற்றும் ஆறுமுக நாவலர் (1822 - 1879) தமது இளமைக் காலத்திலே பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாயிருந்து வேதாகமத்தைத் தமிழ்ப்படுத்தும் பணியில் உழைத்தவர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறியது. நாவலர் அந்நூலைச் சொற்சொல்லாக எடைபோட்டுப் படித்தவர் என்பதில் ஐயமில்லை. அவர் பெயரை வகுப்புக்கு வகுப்பு சொல்லுகின்ற நான் அதை ஒரு முறையேனும் வாசித்திருக்க வேண்டாமா? முழுவதையும் வாசிப்பது என்று தீர்மானித்தேன்.

தீர்மானித்தேனே தவிர, நிறைவேற்றவில்லை. இரு முறை தொடங்கி இரு முறையும் இடையில் விட்டேன். ஏன் விட்டேன் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பின்னரே நேரசூசியின் அருமை எனக்கு விளங்கியது. அந்தக் கணக்கை முதலில் நோக்குவோம்.

புரட்டஸ்தாந்து சபையினர் கையாளும் வேதாகமத்தில் 66 நூல்கள் உள்ளன. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 73 நூல்கள். 66 நூல்களையும் எடுத்துக்கொண்டால், பழைய ஏற்பாட்டில் 929 அதிகாரங்கள், புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள், ஆக 1189 அதிகாரங்கள். இதை 365 நாட்களுக்குப் பகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்றேகால் அதிகாரம் வரும். கால் அதிகாரம் வாசிப்பது எப்படி? ஆகவே கிழமை நாட்களில் மூன்று, ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து என்று வைத்தால் கிழமைக்கு 23 அதிகாரங்கள். 52 கிழமைகளில் 1196. ஆண்டு முடியுமுன்னரே நூல் முடிந்துவிடும். பலர் கைக்கொள்ளும் எளிய முறை இதுதான். நானும் இப்படித்தான் தொடங்கினேன்.

எங்கே இடறுகின்றது? நாளுக்கு மூன்று வீதம் தொடர்ந்து வாசித்தால் ஆதியாகமம் சுவையாக ஓடிவிடும். உலகத் தோற்றம், பிரளயம், ஆபிரகாம், யாக்கோபு, யோசேப்பு எனக் கதைமேற் கதை. அதன்பின் யாத்திராகமத்தில் மோசேயும் எகிப்திலிருந்து விடுதலையும். 25ஆம் நாளிலே யாத்திராகமத்தின் 25ஆம் அதிகாரத்துக்கு வந்து சேர்வீர்கள். அங்கே கதை நின்று, ஆசரிப்புக் கூடாரத்தை எவ்வாறு அமைப்பது என்ற அளவுகளும் விதிகளும் தொடங்குகின்றன. 31ஆம் நாள், அதாவது ஜனவரி மாதத்தின் இறுதி நாளில், லேவியராகமத்தின் வாசலில் நிற்பீர்கள். பலிகள், தீட்டுகள், தூய்மைச் சடங்குகள். அதைக் கடந்தால் எண்ணாகமத்தின் குடிமதிப்பு. புதுவருடத்தன்று தொடங்கிய வாசகர் பலர் பெப்ரவரியில் நின்றுவிடுவதற்கு அவர்களுடைய சோம்பல் மாத்திரம் காரணமன்று. திட்டம் அமைந்த விதமும் காரணமாகும். நான் முதன்முறை நின்ற இடம் லேவியராகமம். இரண்டாம் முறை நின்ற இடமும் அதுவே.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிது. ஆனால் திருநூலை நாட்கணக்குப்படி வாசிக்கும் வழக்கம் மிகப் பழையது. யூதர்கள் மோசேயின் ஐந்து நூல்களை 54 பகுதிகளாகப் பிரித்து, ஓய்வுநாள் தோறும் தொழுகைக்கூடத்திலே வாசித்து ஓர் ஆண்டில் முடிக்கின்றனர். முடிக்கும் நாளிலேயே ஆதியாகமத்தின் தொடக்கத்தையும் வாசித்துவிடுவது அவர்தம் மரபு. ஆறாம் நூற்றாண்டிலே பெனடிக்ற் எனப்படும் புனித ஆசீர்வாதப்பர் தமது துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கிலே, சங்கீதங்கள் 150ஐயும் ஒவ்வொரு கிழமையும் ஓதி முடிக்க வேண்டும் என விதித்தார். இங்கிலாந்திலே தோமஸ் கிரான்மர் 1549ஆம் ஆண்டுப் பொது மன்றாட்டுப் புத்தகத்தில் அதையே முப்பது நாளுக்குரியதாக்கி, காலைக்கும் மாலைக்கும் பங்கிட்டார். பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி ஆண்டுக்கு ஒரு முறையும், புதிய ஏற்பாடு ஆண்டுக்கு மூன்று முறையும் வாசிக்கப்படும்படி நாட்காட்டி அமைத்தவரும் அவரே. அந்நூலின் முன்னுரையில் அவர் சொல்லும் குறை நமக்குப் பழக்கமானது: முற்காலத்தில் இன்ன பருவத்தில் இன்ன நூல் எனத் தொடங்கினார்களாம், ஆனால் தொடங்கியதோடு சரி, முடித்ததே இல்லையாம். கத்தோலிக்கத் திருச்சபை 1969இல் வெளியிட்ட வாசக ஒழுங்கிலே ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்றாகவும், வாரநாள் வாசகங்கள் ஈராண்டுச் சுற்றாகவும் அமைக்கப்பட்டன.

இவை பெரும்பாலும் சபை கூடி வாசிப்பதற்கானவை. வீட்டிலிருந்து வாசிப்போருக்காக எழுந்த நேரசூசிகளுள் இன்றுவரை பெயர் நிலைத்திருப்பது ஸ்கொட்லாந்தின் டண்டி நகரிலே புனித பேதுரு ஆலயத்தின் போதகராயிருந்த றொபேட் மரே மெக்செயின் என்பவர் வகுத்தது. 1842ஆம் ஆண்டு டிசம்பர் மாத முடிவிலே, மறு ஆண்டுக்காகத் தமது சபையாருக்கு அதை அவர் எழுதிக் கொடுத்தார். அதன் நுட்பம் என்னவென்றால், ஓரிடத்திலிருந்து நேர்கோட்டில் வாசிக்காமல் ஒரே வேளையில் நான்கு இடங்களிலிருந்து வாசிப்பதாகும். ஜனவரி முதலாம் திகதிக்கு ஆதியாகமம், மத்தேயு, எஸ்றா, அப்போஸ்தலர் நடபடிகள் என்பவற்றின் முதலாம் அதிகாரங்கள். முதல் இரண்டும் குடும்பமாகக் கூடி வாசிப்பதற்கு. மற்ற இரண்டும் தனித்திருந்து வாசிப்பதற்கு. நான்கும் தொடக்கங்கள் என்பதைக் கவனியுங்கள். உலகத்தின் தொடக்கம், இயேசுவின் பிறப்பு, சிறையிருப்பிலிருந்து மீண்ட மக்களின் புதுவாழ்வு, திருச்சபையின் தொடக்கம். இம்முறையில் ஓர் ஆண்டிலே பழைய ஏற்பாடு ஒரு தடவையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரு தடவையும் முடிகின்றன.

லேவியராகமத்தில் இடறுபவர்களுக்கு இதில் மருந்து உண்டு. பலி விதிகள் ஒரு பக்கத்திற் போய்க்கொண்டிருக்க, மறுபக்கத்தில் நற்செய்தியோ சங்கீதங்களோ கூடவே வரும். கடினமான பாடத்துக்குப் பின் இலகுவான பாடத்தை வைப்பது நேரசூசி போடும் ஆசிரியர் அறிந்த தந்திரம்தானே!

திட்டம் தந்த அந்தப் போதகர் அதன் ஆபத்துகளையும் மறைக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. வாசிப்பு வெறுஞ் சடங்காகிவிடலாம். முடித்துவிட்டேன் என்ற பெருமை தலைக்கேறலாம். கட்டத்தை நிரப்புவதற்காக மனம் ஊன்றாமல் ஓடலாம். சிலருக்கு அது சுமக்கவியலாத பாரமாகலாம் என்று அவரே வரிசைப்படுத்தி எச்சரித்தார். நன்மைகளாக அவர் சொன்னவற்றுள் எனக்குப் பிடித்தது ஒன்று. சபையார் அனைவரும் ஒரே நாளில் ஒரே பகுதியை வாசிப்பதால், சந்திக்கும்போது அதைப் பற்றிப் பேசிக்கொள்ள முடியும்.

இந்தக் கருத்து நம்மவர்க்கு அந்நியமானதன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராண படனம் நடைபெறும்போது ஒருவர் வாசிப்பார், ஒருவர் பயன் சொல்லுவார், ஊர் கேட்டிருக்கும். இத்தனை நாட்களில் இன்ன பகுதி வரை என்று ஒழுங்கு உண்டு. ஒரு நாள் போகத் தவறியவர் மறுநாள் வந்து, நேற்றையதைத் திரும்ப வாசியுங்கள் என்று கேட்பதில்லை. அன்று நடக்கும் இடத்திலிருந்து அவரும் சேர்ந்து கேட்பார். இது சிறிய விடயம் போலத் தோன்றினாலும், எனது வாசிப்பு கைகூடியது இதை விளங்கிக்கொண்ட பின்புதான்.

அதை எனக்கு விளக்கியவர் எங்கள் ஒழுங்கையிலே வசிக்கும் இளைப்பாறிய ஆசிரியை ஒருவர். கிறிஸ்தவர். ஊரில் எல்லோரையும் போல நானும் அவரை ரீச்சர் என்றே அழைப்பேன். இரண்டாம் முறையும் நான் கைவிட்டதை ஒருநாட் பேச்சுவாக்கிற் சொன்னேன். ஒன்பது நாள் தவறிவிட்டது. மூன்று வீதம் இருபத்தேழு அதிகாரம் நிலுவை. அதை எண்ணும்போதே புத்தகத்தைத் திறக்க மனம் வருவதில்லை என்றேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போய் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை எடுத்து வந்தார். பக்கத்துக்கு ஓர் ஆண்டாகக் கட்டம் கீறி, வாசித்த நாட்களைப் பென்சிலால் அடையாளம் செய்திருந்தார். 1995ஆம் ஆண்டுக்குரிய பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். ஒக்ரோபர் மாதக் கடைசி வரை அடையாளங்கள் இருந்தன. அதன்பின் வெறுங்கட்டங்கள். 1996ஆம் ஆண்டுப் பக்கத்திலும் முதல் நான்கு மாதங்கள் வெறுமை. மே மாதத்தில் ஒரு நாளில் மீண்டும் பென்சில் அடையாளம் தொடங்கியிருந்தது.

வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிக்குப் பெயர்ந்த அந்த நாட்களை அனுபவித்தவர்களுக்கு அந்தக் கட்டங்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. நான் அப்போது பள்ளி மாணவன். நாங்களும் நடந்தோம். ரீச்சர் வீட்டாரும் கையிலகப்பட்டதோடு புறப்பட்டிருக்கின்றனர். வேதாகமமும் அதற்குள் வைத்த கொப்பியும் அலுமாரியிலேயே கிடந்திருக்கின்றன. திரும்பி வந்தபோது அவை அங்கேயே இருந்தன.

"ஆறு மாதத்தையும் பிறகு வாசிச்சு நிரப்பினீங்களோ ரீச்சர்?" என்று கேட்டேன்.

"இல்லைத் தம்பி. வந்த அண்டைக்கு என்ன திகதியோ அந்த இடத்தைத் திறந்து வாசிச்சன். விட்ட நாள் விட்டதுதான். அது அடுத்த வருசம் அதே திகதியில திரும்பி வரும்தானே. நீர் கடன் கணக்கு எழுதிக்கொண்டிருந்தால் ஒருநாளும் வாசிக்க மாட்டீர்" என்றார்.

நேயர்களே, நேரசூசி பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு தெளிவான விதியை நான் கண்டதில்லை. தவறிய நாளைக் கடனாக எண்ணாதே; இன்றைய திகதியைத் திற. அவ்வளவுதான். அதன் பின்னரே எனக்குரிய நேரசூசியை நான் அமைத்தேன். அது எவ்வாறு அமைந்தது என்பதைச் சொன்னால் உங்களுள் எவருக்கேனும் பயன்படக்கூடும்.

முதலாவது, உங்கள் நேரத்தை அளந்துகொள்ளுங்கள். எனக்கு நிதானமாக மூன்று அதிகாரங்கள் வாசிக்க இருபது நிமிடம் ஆகின்றது. பாடசாலை நாளில் அவ்வளவு நேரம் எனக்கு வாய்ப்பதில்லை. ஆகவே ஓராண்டை விட்டு ஈராண்டுத் திட்டம் வகுத்தேன். பழைய ஏற்பாட்டிலிருந்து சங்கீதங்கள் 150ஐப் பிரித்தெடுத்தால் மிகுதி 779 அதிகாரங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு 730 நாட்கள். நாளுக்கு ஒன்று, எஞ்சும் 49ஐ ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாகக் கூட்டி வாசிக்கலாம். அடுத்து, புதிய ஏற்பாடு 260, சங்கீதங்கள் 150, ஆக 410. இதனைக் கிழமைக்கு நான்கு நாள், நாளுக்கு ஒன்று என்று வைத்தால் 104 கிழமைகளில் 416 இடங்கள் கிடைக்கும். ஆறு இடம் மிச்சம். எந்த நாளிலும் இரண்டு அதிகாரத்துக்கு மேற் சுமையில்லை.

புதிதாகத் தொடங்குவோர் இதைவிடச் சிறிதாகவும் தொடங்கலாம். புதிய ஏற்பாடு மாத்திரம் என்றால், கிழமைக்கு ஐந்து நாள் ஓர் அதிகாரம் வீதம் 52 கிழமைகளில் 260 அதிகாரங்களும் சரியாக முடியும். சனியும் ஞாயிறும் விடுமுறை. நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள். மாதத்தின் திகதி எதுவோ அதே அதிகாரம் என்று வைத்துக்கொள்ளலாம். சங்கீதங்கள் நாளுக்கு ஐந்து என்றால் முப்பது நாள். முழு நூலையும் ஓராண்டில் முடித்தே தீரவேண்டும் என்போர் கிழமைக்கு ஆறு நாள் மாத்திரம் நான்கு அதிகாரம் வாசிக்கட்டும். ஐம்பதாவது கிழமையில் முடிந்துவிடும். காய்ச்சல், கலியாணம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் கிழமைக்கொரு நாளும் கடைசியில் இரண்டு கிழமையும் கையிலிருக்கும். வெற்றிடம் வையாத நேரசூசி முதலாவது மழைக்கே உடையும்.

இரண்டாவது, அதிகார எண்ணை மாத்திரம் நம்பாதீர்கள். 117ஆம் சங்கீதத்தில் இரண்டு வசனங்கள். 119ஆம் சங்கீதத்தில் 176 வசனங்கள். இரண்டும் கணக்கில் ஒவ்வோர் அதிகாரமே. அன்றியும் இந்த அதிகாரப் பிரிவுகள் நூலாசிரியர்கள் இட்டவையல்ல. இன்று வழங்கும் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கில அறிஞர் வகுத்தது. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551இல் றொபேர் எஸ்தியென் என்ற அச்சகத்தார் இட்டவை. ஆகவே கத்தரிக்கோல் சிலவேளை தவறான இடத்தில் விழுந்திருக்கின்றது. படைப்பின் ஆறு நாட்கள் ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தில் இருக்க, ஏழாம் நாளாகிய ஓய்வுநாள் இரண்டாம் அதிகாரத்திற்குப் போய்விட்டது. ஏசாயாவின் 53ஆம் அதிகாரத்திலுள்ள துன்புறும் ஊழியன் பற்றிய பாடல் உண்மையில் 52ஆம் அதிகாரத்தின் 13ஆம் வசனத்திலேயே தொடங்குகின்றது. இத்தகைய இடங்களில் நாலு வரி முன்னே பின்னே சேர்த்து வாசிப்பதே முறை.

மூன்றாவது, சேர்த்து வாசிக்க வேண்டியவற்றைச் சேருங்கள். வேதாகமத்தின் நூல் வரிசை கால வரிசையன்று. எருசலேம் ஆலயத்தைத் திரும்பக் கட்டும் வரலாறு எஸ்றாவின் நூலில் வருகின்றது. அப்பணியைத் தூண்டிய ஆகாய், சகரியா என்னும் தீர்க்கதரிசிகளின் நூல்கள் பழைய ஏற்பாட்டின் கடைசிப் பக்கங்களில் உள்ளன. தாவீது அரசன் செய்த குற்றம் சாமுவேலின் இரண்டாம் நூலில் 11ஆம், 12ஆம் அதிகாரங்களில் உள்ளது. அதற்காக அவன் கசிந்துருகியதாகத் தலைப்பிடப்பட்ட பாடல் 51ஆம் சங்கீதம். இரண்டையும் ஒரே நாளில் வாசித்துப் பாருங்கள். கதை பாட்டுக்கு உரையாகும்; பாட்டு கதைக்கு உயிராகும்.

நான்காவது, ஏற்கெனவே தவறாது செய்யும் ஒரு காரியத்தோடு வாசிப்பை இணைத்துவிடுங்கள். எனக்கு அது மாலையில் விளக்கேற்றித் தேவாரம் பாடி முடிந்த பின்னான வேளை. ஒரு நூலைப் படித்ததனால் மற்றொன்று எனக்குக் குறைந்துபோகவில்லை.

இத்திட்டப்படி இரண்டு ஆண்டுகளின் முடிவில் நூலின் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். எனது கொப்பியிலும் வெறுங்கட்டங்கள் உண்டு. பரீட்சை விடைத்தாள் திருத்தப் போன நாட்கள், தாயார் வைத்தியசாலையில் இருந்த நாட்கள். அவற்றை நான் நிரப்பவில்லை. இப்போது இரண்டாஞ் சுற்றில் அந்தத் திகதிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. லேவியராகமத்தையும் கடந்தேன். தேம்பாவணிக் கதை எங்கே வருகின்றது என்று கேட்ட மாணவனுக்கு விடை சொல்ல நான் கொண்ட காலம் நீண்டுவிட்டது. அவன் பல்கலைக்கழகம் போய்விட்டான். எனினும் அடுத்த வகுப்பாருக்குச் சொல்லியிருக்கின்றேன்.

ரீச்சருக்கு இப்போது கண் மங்கிவிட்டது. சனிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டுத் திண்ணையிலிருந்து அவருடைய கொப்பிப்படி அன்றைய பகுதியை நான் வாசிக்கின்றேன், அவர் பயன் சொல்லுகின்றார். வாசித்து முடிந்ததும் கட்டத்தில் அடையாளம் இடுவது மட்டும் அவருடைய கைதான். கட்டத்துக்கு வெளியேயும் போகும் கோடு அது.

டண்டி நகரப் போதகரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். 1843ஆம் ஆண்டுக்கெனத் தாம் வகுத்த நேரசூசியை அவர் முடிக்கவில்லை. அவ்வாண்டு மார்ச் மாதத்திலே கடுங்காய்ச்சலுற்று 25ஆம் திகதி காலமானார். வயது 29. அந்த நேரசூசியின்படி அன்று சபையார் யாத்திராகமத்தின் இறுதிப் பகுதியில் இருந்திருப்பர். மக்கள் இன்னும் பாலைவனத்திலேதான். எஞ்சிய ஒன்பது மாதங்களும் அவர் எழுதிவைத்த கட்டங்கள் மற்றவர்களுக்காகக் காத்திருந்தன. இன்றும் உலகின் பல பாகங்களில் அதைப் பின்பற்றி வாசிப்போர் இருக்கின்றனர்.

ஆகவே நேயர்களே, நீங்கள் வாசிக்க எண்ணும் நூல் வேதாகமமாயினும் திருமுறையாயினும் கம்பராமாயணமாயினும், புதுவருடம் பிறக்கட்டும் என்று காத்திராதீர்கள். ஒரு கொப்பியில் கட்டம் கீறுங்கள். நாளை என்ன திகதியோ, அங்கிருந்து தொடங்குங்கள்.